ரெத்தைமிக்: தொடைத் தசையில் வேலை செய்யும் தைமஸ் – ஒரு மருத்துவப் பொருளின் மதிப்பாய்வு

மருந்துக்கடை அலமாரியில் ஒருபோதும் இடம்பெறாத, குளிர்பெட்டியில் வைக்கவே கூடாத, பெட்டியின் மேல் குறித்த நாளும் நேரமும் கடப்பதற்குள் ஒரே ஒரு குழந்தையின் உடலுக்குள் வைத்தாக வேண்டிய ஒரு பொருளைப் பற்றியது இந்த மதிப்பாய்வு. அதன் வணிகப் பெயர் ரெத்தைமிக். தைமஸ் சுரப்பி இல்லாமலே பிறக்கும் குழந்தைகளுக்காக, வேறொரு குழந்தையின் தைமஸிலிருந்து வெட்டி வளர்த்த மெல்லிய திசுச் சீவல்கள்தாம் அந்தப் பொருள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 அக்டோபர் 8 அன்று இதற்கு அனுமதி அளித்தது. நான் இதைப் பரிந்துரைக்கும் மருத்துவன் அல்லன். நோயெதிர்ப்பியலைப் படித்தவன் என்ற முறையில், அனுமதியோடு வெளியான பயன்பாட்டுக் குறிப்பேட்டையும் அதற்கு அடிப்படையாக அமைந்த ஆய்வு முடிவுகளையும் வைத்தே எழுதுகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் டி செல் என்ற வெள்ளணுக்களைப் பக்குவப்படுத்தும் தைமஸுக்கு இரண்டு வேலைகள் உண்டு, உதவும் டி செல்களைப் பிழைக்கவைப்பது, உடலையே தாக்கக்கூடியவற்றைக் கழிப்பது; அவற்றுள் ஒன்றை இந்தப் பொருள் வியக்கத்தக்க அளவில் செய்கிறது, மற்றொன்றை அரைகுறையாகச் செய்கிறது. உயிர் போய்விடும் என்ற நிலையில் இருக்கும் குழந்தைக்கு அந்த அரைகுறையே போதும் என்பதால்தான் இதற்கு அனுமதி கிடைத்தது.

யாருக்கு இது தேவைப்படுகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம். பிறவியிலேயே தைமஸ் இல்லாத நிலை மிக அரிது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 17 முதல் 24 குழந்தைகள் இந்தக் குறையோடு பிறப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போவதால் வரும் டைஜார்ஜ் குறைபாட்டின் முழு வடிவம், கண், காது, இதயம் எனப் பல உறுப்புகளைப் பிறவியிலேயே பாதிக்கும் சார்ஜ் கூட்டுக்குறைபாடு, தைமஸின் சட்டகமாக அமையும் எபிதீலியச் செல்களை உருவாக்கும் ஃபாக்ஸ்என்1 மரபணுவில் ஏற்படும் பழுது ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். கர்ப்பகாலத்தில் தாய்க்கு இருந்த நீரிழிவோடும் சிலருக்குத் தொடர்பு காணப்படுகிறது. இந்தக் குழந்தைகளைத் தனிமைப்படுத்தி, நோய்க்கிருமி அண்டாமல் காத்து, எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினை ஏற்றி எவ்வளவு பேணினாலும், பெரும்பாலானோர் இரண்டு மூன்று வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

இவர்களுடைய எலும்பு மஜ்ஜையில் எந்தக் குறையும் இல்லை என்பதுதான் பலர் கவனிக்கத் தவறும் செய்தி. கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு எனப்படும் மற்றொரு நோயில் மஜ்ஜையிலிருந்து வரும் மூலச் செல்களே பழுதாக இருக்கின்றன. அங்கே மஜ்ஜை மாற்று சிகிச்சை பலன் தரும். தைமஸ் இல்லாத குழந்தையிடமோ விதைநெல் குறைவின்றி இருக்கிறது, நாற்றங்கால்தான் இல்லை. அதனால் இவர்களுக்கு மஜ்ஜை மாற்று செய்தால், கொடுத்தவரின் உடலில் ஏற்கெனவே முதிர்ந்திருந்த டி செல்கள் சிறிது காலம் காவல் காக்குமே தவிர, புதிய டி செல் ஒன்றுகூட உருவாவதில்லை. ரெத்தைமிக்கின் உரிமம் கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குப் பொருந்தாது என்று குறிப்பேடு முதற்பக்கத்திலேயே எச்சரிப்பது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான்.

இனி, நல்ல தைமஸ் ஒன்று என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதை அளவுகோலாக வைக்காமல் இந்தச் சீவல்களை எடைபோட முடியாது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேற்பகுதியை மூடியவாறு இரு மடல்களாக அமைந்திருக்கும் இந்தச் சுரப்பியின் வெளிப்பகுதியைப் புறணி என்றும் உட்பகுதியை அகணி என்றும் அழைக்கிறோம். மஜ்ஜையிலிருந்து இரத்தத்தின் வழியே வந்து சேரும் மூலச் செல், இரண்டும் சந்திக்கும் எல்லையில் இறங்கிப் புறணியின் விளிம்பை நோக்கி நகர்கிறது. அது டி செல்லாக மாற வேண்டும் என்ற கட்டளை அங்குள்ள எபிதீலியச் செல்லின் மேற்பரப்பிலிருந்தே வருகிறது: எபிதீலியம் நீட்டும் டெல்டா வகைப் புரதம் மூலச் செல்லின் நாட்ச் ஏற்பியைத் தொட வேண்டும். அந்தத் தொடுகை கிடைக்காவிட்டால் அதே செல், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லாகப் போய்விடக்கூடும்.

தொடுகை கிடைத்தபின், ராக் எனப்படும் நொதிகள் செல்லின் டி.என்.ஏ.வையே வெட்டி ஒட்டத் தொடங்குகின்றன. டி செல் தன் இலக்கை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஏற்பியின் மரபணுத் துண்டுகள் ஏறக்குறைய குருட்டாம்போக்கில் கோக்கப்படுவதால், ஒவ்வொரு செல்லும் வேறெந்தச் செல்லிடமும் இல்லாத ஓர் ஏற்பியைப் பெறுகிறது. இனிமேல் வரவிருக்கும், இதுவரை உலகில் தோன்றியே இராத கிருமியையும் அடையாளம் காணும் ஆற்றல் நமக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு விடை இந்தக் குருட்டாம்போக்கில்தான் இருக்கிறது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. குருட்டாம்போக்கில் உருவான ஏற்பிகளில் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை, ஒரு பகுதி நம் உடலையே தாக்கக்கூடியவை. ஆகவே தைமஸ் இரண்டு தேர்வுகளை நடத்துகிறது. புறணியில் நடக்கும் முதல் தேர்வில், எபிதீலியச் செல் தன் எம்.எச்.சி. மூலக்கூறில் தாங்கிக் காட்டும் புரதத் துணுக்குகளை மெல்லப் பற்றத் தெரிந்த ஏற்பி கொண்ட செல் பிழைக்கிறது. பற்றத் தெரியாதது கவனிப்பாரின்றி இறக்கிறது. இங்கு காட்டப்படும் துணுக்குகளும் தனி வகை; புறணி எபிதீலியத்தில் மட்டுமே உள்ள ஒரு சிறப்புப் புரோட்டியசோம் அவற்றை நறுக்கித் தருகிறது என்பது 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது.

பிழைத்த செல்கள் அகணிக்குச் செல்கின்றன. அங்கே இரண்டாம் தேர்வு. கணையத்தில் மட்டும் சுரக்க வேண்டிய இன்சுலின், கண்ணிலும் தைராய்டிலும் மட்டும் இருக்க வேண்டிய புரதங்கள் என உடலின் பல மூலைகளுக்கும் உரிய பொருள்களை, ஏயர் என்ற மரபணுவின் துணையோடு, அகணியின் எபிதீலியச் செல்கள் சிறு சிறு அளவில் தாங்களே தயாரித்துக் காட்டுகின்றன. அவற்றை இறுகப் பற்றும் டி செல் அங்கேயே மடிய வேண்டும், அல்லது பிற செல்களை அடக்கும் நெறிப்படுத்தும் டி செல்லாக மாற வேண்டும். ஏயர் பழுதானால் என்ன நடக்கும் என்பதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறோம்: பாராதைராய்டு, அட்ரீனல் சுரப்பிகள் உட்படப் பல உறுப்புகளை உடல் தானே தாக்கும் நோய் சிறுவயதிலேயே தொடங்குகிறது. நெறிப்படுத்தும் டி செல்களைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை நீக்கிய சுண்டெலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய் வருவது ஏன் என்ற கேள்வியிலிருந்தே சகாகுச்சியின் தேடல் தொடங்கியது என்பதை இங்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும். இரண்டு தேர்வுகளையும் தாண்டி வெளியேறுபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு.

இந்தச் சுரப்பிக்கு ஒரு வேலை உண்டு என்பதே 1961 வரை தெரியாது. அந்த ஆண்டில்தான் லண்டனில் பணிபுரிந்த ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸை இழந்த சுண்டெலிகள் லிம்போசைட்டுகள் (டி செல், பி செல் உள்ளிட்ட வெள்ளணுக்கள்) குறைந்து தொற்றுகளால் மடிவதையும், பிறருடைய தோலை ஒட்டினால் அதை ஒதுக்காமல் ஏற்றுக்கொள்வதையும் காட்டினார். அதற்கு முன்பிருந்த மருத்துவம் இந்தச் சுரப்பியைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், குழந்தையின் மூச்சுக்குழலைப் பெரிய தைமஸ் அழுத்துகிறது என்று நம்பி, நலமாக இருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மார்பில் கதிர்வீச்சுப் பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. குழந்தையின் தைமஸ் பெரிதாக இருப்பது இயல்பு என்ற எளிய உண்மை தெரியாததன் விலை அது.

1965இல் ஏஞ்சலோ டைஜார்ஜ், தைமஸும் பாராதைராய்டும் இல்லாத குழந்தைகளை விவரித்தார். 1968இல் கருவின் தைமஸை ஒட்டிப் பார்த்த முயற்சிகள் வெளியாயின. இன்றைய பொருளின் நேரடி வரலாறு, வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் மார்க்கர்ட் 1993இல் தொடங்கிய சிகிச்சையிலிருந்து வருகிறது. அன்றிலிருந்து அனுமதி கிடைக்கும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடச் செய்முறையை, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வெளிவரும் பொருளாக மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு, இதைத் தயாரித்த என்சிவாண்ட் நிறுவனத்தின் முதல் விண்ணப்பத்தை உற்பத்தி தொடர்பான குறைகளைச் சுட்டி 2019 டிசம்பரில் நிர்வாகம் திருப்பி அனுப்பியதே சான்று. என்சிவாண்ட் 2023இல் சுமிட்டோமோ பார்மா அமெரிக்காவுடன் இணைந்துவிட்டது.

தயாரிப்பு முறையைச் சற்றே நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் பொருளின் தரமும் குறையும் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஒன்பது மாதத்துக்கு மேற்படாத ஒரு குழந்தைக்கு இதய அறுவை நடக்கிறது. மார்பைத் திறந்தவுடன் இதயத்தை மறைத்துக்கொண்டு நிற்பது தைமஸ். அறுவை செய்பவர் வழி கிடைப்பதற்காக அதை வெட்டி எடுக்கிறார். பெற்றோர் முன்பே இசைவு தந்திருந்தால் அந்தத் திசு தயாரிப்புக்கூடத்துக்குப் போகிறது. அங்கே அதை மெல்லிய சீவல்களாக வெட்டி, அறுவைப் பஞ்சின் மேல் பரப்பிய வடிதாள்களில் கிடத்தி, ஊட்டக் கரைசலில் 12 முதல் 21 நாள் வரை வளர்க்கிறார்கள். ‘வளர்ப்பது’ என்று சொன்னாலும், இங்கு நடக்கும் முக்கியமான வேலை கழிப்பதுதான். கொடுத்த குழந்தையின் லிம்போசைட்டுகள் இந்த நாள்களில் பெரும்பாலும் உதிர்ந்து நீங்க, எபிதீலியச் செல்களின் வலைச்சட்டகம் எஞ்சுகிறது. அவை நீங்காமல் போனால், பெறும் குழந்தையின் உடலையே அந்நியமாகக் கண்டு தாக்கத் தொடங்கும். கொடுத்தவரின் செல்லைக் கழித்துக் கொடுத்தவரின் சட்டகத்தை மட்டும் அனுப்புவது என்ற இந்தக் கருத்தே பொருளின் உயிர்நாடி.

டியூக் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் குழந்தையின் தொடை முன்தசையைத் திறந்து, நார்களுக்கிடையே சிறு பைகள் போலப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீவலைச் செருகிக் கரையும் தையலால் மூடுகிறார். மார்பை விட்டுத் தொடையை ஏன் தேர்ந்தார்கள் என்றால், அங்கே தசை பருமனாக இருக்கிறது, இரத்த ஓட்டம் நிறைய, பிறகு ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பதும் எளிது. அளவைக் கிராம் கணக்கில் சொல்லாமல் பரப்பளவில் சொல்லும் மருந்தை நான் வேறெங்கும் கண்டதில்லை: பெறும் குழந்தையின் உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 5,000 முதல் 22,000 சதுர மில்லிமீட்டர் வரை சீவல்.

வைத்த சீவலுக்குள் தசையின் இரத்தக் குழாய்கள் வளர்ந்து புக வேண்டும். அதன் வழியே குழந்தையின் சொந்த மஜ்ஜைச் செல்கள் வந்து குடியேற வேண்டும். அவை மேலே சொன்ன தேர்வுகளை எல்லாம் கடந்து வெளியேற வேண்டும். ஆகவே பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகிறது, சிலருக்கு அதற்கும் மேல். சில மாதங்களுக்குப் பின் எடுத்த தசைத் துணுக்குகளில் புறணியும் அகணியும் பிரிந்து நின்று, இளம் டி செல்கள் நெருக்கமாக உருவாகிக்கொண்டிருந்ததை டியூக் குழுவினர் நுண்ணோக்கியில் பதிவு செய்திருக்கிறார்கள். மார்பில் இருக்க வேண்டிய உறுப்பு தொடையில் நின்று, வேறொருவரின் எபிதீலியத்தோடு, அந்தக் குழந்தையின் செல்களைப் பக்குவப்படுத்துகிறது. எவ்வளவு கறாராக எழுத நினைத்தாலும் இந்த இடத்தில் வியப்பை மறைக்க முடியவில்லை.

காத்திருக்கும் அந்த மாதங்கள்தாம் இந்தப் பொருளின் மிகப் பெரிய பலவீனம், எண்களே அதைச் சொல்கின்றன. 1993 முதல் 2020 வரை பத்து ஆய்வுகளில் 105 குழந்தைகள் இதைப் பெற்றார்கள். பலனைக் கணக்கிட 95 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். ஓராண்டு முடிவில் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 77 விழுக்காடு, இரண்டாண்டு முடிவில் 76 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளி வேறுபாடு இருப்பதைக் கவனிக்க வேண்டும். இறந்த 29 பேரில் 23 பேர் முதல் ஆண்டிலேயே இறந்தார்கள், பெரும்பாலும் தொற்றுகளாலும் அவற்றின் விளைவுகளாலும். அந்த ஓராண்டைத் தாண்டியவர்களில் 94 விழுக்காட்டினர், நடுநிலைக் கணக்கில் 10.7 ஆண்டுகள் கண்காணித்த வரையிலும் உயிரோடு இருந்தார்கள். அதாவது புதிய டி செல்கள் வந்து சேரும் வரை தாக்குப்பிடித்த குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. சீவலை வைக்கும் முன்பே சைட்டோமெகலோ வைரஸ் தொற்று இருந்த நால்வரில் மூவர் இறந்துபோனதும் இதையே உறுதிப்படுத்துகிறது. பலனடைந்தவர்களிலும் தொற்று உடனே நின்றுவிடவில்லை: முதல் ஆறு மாதங்களில் தொற்றுக்கு ஆளானவர்கள் 63 பேர், அடுத்த ஆறு மாதங்களில் 39 பேர்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகள் இவை என்ற குறையைச் சிலர் எழுப்பக்கூடும். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் இறந்துவிடும் நோயில் பாதிப்பேருக்கு வெறும் உப்பு நீரைக் கொடுத்து ஒப்பிடுவது எந்த நெறிக்கும் அடங்காது. அந்த வகையில் நிர்வாகத்தின் முடிவு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் 27 ஆண்டுகளில் தீவிர சிகிச்சைப் பராமரிப்பும் வைரஸ் மருந்துகளும் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன என்பதையும், தொடக்க காலக் குழந்தைகளும் அண்மைக் காலக் குழந்தைகளும் ஒரே கூடையில் எண்ணப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் 77 என்ற எண்ணைப் படிப்பவர் மறக்கக் கூடாது.

நோயெதிர்ப்பியல் படித்தவர்களை இந்தப் பொருள் வேறொரு விதத்தில் தூங்கவிடாது. சீவலைக் கொடுத்தவருக்கும் பெறுபவருக்கும் எச்.எல்.ஏ. (மனிதர்களின் எம்.எச்.சி.) பொருத்தம் பார்ப்பதில்லை, முன்பே மஜ்ஜையோ வேறு உறுப்போ மாற்றி வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே அந்தக் கணக்கு வருகிறது. டியூக் குழுவினர் தங்கள் நோயாளிகளை ஆராய்ந்தபோது, பொருத்தம் கூடினால் பலன் கூடும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பாடப்புத்தகத்தின்படி இது நடக்கக் கூடாத காரியம். டி செல் தனக்குப் பழக்கமான எம்.எச்.சி. மூலக்கூறில் அமர்ந்த கிருமித் துணுக்கைத்தான் அடையாளம் காணும் என்பதைக் காட்டியதற்காக 1996இல் பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரால்ஃப் சிங்கர்நாகலுக்கும் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இங்கோ புறணியின் முதல் தேர்வு நடப்பது கொடுத்தவரின் எம்.எச்.சி.யில், பிறகு கிருமியைக் காட்டப்போகும் செல்களோ பெற்ற குழந்தையின் எம்.எச்.சி.யைத் தாங்கியவை. அப்படியிருந்தும் அந்த டி செல்கள் குழந்தையைக் காப்பாற்றுகின்றன. புரதத் துணுக்குகளை டி செல்களுக்குக் காட்டும், பெறும் குழந்தையின் டென்ட்ரைட்டிக் செல்கள் சீவலுக்குள் வந்து தேர்வில் பங்கேற்கின்றன என்பதும், மனிதர்களிடையே எம்.எச்.சி. வடிவங்கள் ஓரளவு ஒத்துப்போகின்றன என்பதும், ஒரே ஏற்பி ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களைப் பற்றக்கூடும் என்பதும் முன்வைக்கப்படும் விளக்கங்கள். எனக்கு அவற்றில் முதலாவது நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது, அது மட்டுமே போதுமா என்பதில் ஐயம் இருக்கிறது.

கொடுத்தவரின் திசு ஒதுக்கப்படாமல் நிலைப்பதற்கான விளக்கம் இதைவிடத் தெளிவு. புதிய டி செல்கள் அந்தத் திசுவுக்குள்ளேயே பிறந்து, அதைத் தாக்கக்கூடியவை அங்கேயே கழிக்கப்படுவதால், பெறும் குழந்தை அந்த அந்நியத் திசுவைத் தன்னுடையதாகக் கருதப் பழகிவிடுகிறது. இந்தப் பண்பை உறுப்பு மாற்றுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில், 2021இல் டியூக் மருத்துவர்கள் ஒரே கொடையாளியின் இதயத்தையும் வளர்த்த தைமஸ் திசுவையும் ஒரு குழந்தைக்கு வைத்தார்கள். மாற்று உறுப்பு பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் விழுங்கும் எதிர்ப்படக்கி மருந்துகளை ஒரு நாள் குறைக்க முடிந்தால், அரிய நோய்க்கென்று உருவான இந்தப் பொருளின் பயன் எங்கோ போய்விடும்.

இனிக் குறைகள். உயர் இரத்த அழுத்தம், சைட்டோகைன் வெளிப்பாட்டுக் கூட்டுக்குறி (எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைப் புரதங்கள் அளவுமீறி வெளிப்படுவது), மக்னீசியம் குறைவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்தத் தட்டணுக் குறைவு ஆகியவை குறிப்பேட்டில் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குச் சீவலைக் காட்டிலும், அதை வைக்கும் காலத்தில் சில குழந்தைகளுக்குத் தர வேண்டியிருக்கும் டி செல்களை அடக்கும் மருந்துகளான முயல் ஆன்டிபாடியும் சைக்ளோஸ்போரினுமே பொறுப்பாக இருக்கலாம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஒட்டுத்திசு ஓம்புநரைத் தாக்கும் நோய் வந்தது. இவையெல்லாம் தீவிரமானவை என்றாலும் எதிர்பார்க்கக்கூடியவை. என்னை உறுத்துவது வேறு: 105 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குத் தன்னெதிர்ப்பு நோயோடு தொடர்புடைய ஏதோவொரு பாதிப்பு உண்டானது. தட்டணுக்களை அழிப்பது, வெள்ளணுக்களை அழிப்பது, தைராய்டைத் தாக்குவது, முடி உதிர்வது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

பிழைக்க வேண்டியவற்றைப் பிழைக்கவைக்கும் முதல் தேர்வு நன்றாக நடக்கிறது, மடிய வேண்டியவற்றை மடியவைக்கும் இரண்டாம் தேர்வு தளர்ந்து நடக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன். காரணம் இன்னதுதான் என்று ஒற்றை விரலை நீட்ட இயலாது. டைஜார்ஜ் குறைபாட்டில் தைமஸ் சிறிதளவு இருக்கும் குழந்தைகளுக்கும் இத்தகைய தன்னெதிர்ப்பு நோய்கள் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. ஆகவே பழி முழுவதையும் சீவலின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புதிய சிடி4 டி செல்கள் (பிற எதிர்ப்புச் செல்களுக்கு உதவும் வகை), சிகிச்சைக்கு முன் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்று என்ற நடுநிலை அளவில் இருந்து, ஓராண்டில் 200ஐச் சற்றே தாண்டுகின்றன. இரண்டாம் ஆண்டில் அதற்கு மேல் சிறிதே ஏறுகின்றன. அதே வயதுள்ள நலமான குழந்தையிடம் இதைப் போலப் பல மடங்கு இருக்கும். குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த டி செல்கள் வெற்றிடத்தை நிரப்பத் தாமே பெருகும்போது கட்டுப்பாடு தவறுவது எலிகளிடம் நன்கு அறியப்பட்டது. நெறிப்படுத்தும் டி செல்கள் போதிய அளவில், போதிய விரைவில் வருகின்றனவா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே எழுகிறது. மூன்றாம் நாளில் தைமஸை இழந்த சகாகுச்சியின் சுண்டெலிகளும் இதே சிக்கலில்தான் மாட்டிக்கொண்டன.

மூலப்பொருளைப் பற்றி இந்தப் பொருளின் விளம்பர ஏடுகள் பேசும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. எப்படியும் எறிந்துவிடும் திசுவைத்தானே பயன்படுத்துகிறோம் என்பது வாதம். தயாரிப்பாளரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் கொடுத்த குழந்தைக்கு அது எறிய வேண்டிய திசுவா? சிறுவயதில் இதய அறுவையின்போது தைமஸை இழந்தவர்களை இளைஞர்களான பின் ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. அவர்களில் சிலருடைய டி செல்கள், குறிப்பாகச் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றியவர்களிடம், முதியோருடையதைப் போல் காட்சியளித்தன. பெரியவர்களிடமும், தைமஸை நீக்கியவர்களையும் அதே போன்ற வேறு மார்பு அறுவை செய்துகொண்டவர்களையும் பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஒப்பிட்டு 2023இல் வெளியிட்ட முடிவில், ஐந்தாண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 விழுக்காடும் 2.8 விழுக்காடும் ஆக இருந்தார்கள், புற்றுநோய் 7.4 விழுக்காட்டினருக்கும் 3.7 விழுக்காட்டினருக்கும் வந்தது. இதய அறுவை செய்பவர்கள் முடிந்தவரை தைமஸின் ஒரு பகுதியையாவது விட்டுவைக்கும் வழக்கம் பரவினால், கொடை குறையும். அந்தக் குறைவை நான் வரவேற்பேன்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும்: அறிவிக்கப்பட்டது சுமார் 27 லட்சம் டாலர். ஒரு முறை மட்டும் வைக்கும் சிகிச்சை, ஆண்டுக்கு இருபது குழந்தைகள், ஒரே ஒரு தயாரிப்புக்கூடம் என்று கணக்கு காட்டலாம். அந்தக் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் அடிப்படை ஆய்வின் பெரும் சுமையைப் பல்கலைக்கழகமும் பொதுநிதியும் பல்லாண்டுகள் தாங்கிய பின் இந்த விலை வைக்கப்பட்டிருப்பது நெருடுகிறது. அமெரிக்காவில் டியூக் தவிர வேறெங்கும் இதை வைப்பதில்லை. ஐரோப்பியக் குழந்தைகளுக்கு லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை தனக்கென வளர்க்கும் தைமஸ் திசுவைக் கொண்டு இதே வகைச் சிகிச்சையை நடத்துகிறது.

முதுமையில் சுருங்கிப்போன தைமஸுக்கு இதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பருவ வயதுக்குப் பின் தைமஸ் கொழுப்பாக மாறிக்கொண்டே போவது உண்மை. ஆனால் இந்த உரிமம் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மட்டுமே. கன்றின் தைமஸைப் பொடியாக்கி உறையில் அடைத்து எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று இணையத்தில் விற்கும் மாத்திரைகளுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மேலே விவரித்த தேர்வுகளை நடத்துவது உயிருள்ள எபிதீலியச் செல்; வயிற்றில் செரித்துப்போகும் பொடி எந்த டி செல்லையும் பக்குவப்படுத்தாது.

இந்தப் பொருள் பலன் தருமா என்பது, அதை வைப்பதற்கு முன் குழந்தை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காணப்படுகிறது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. தைமஸில் ஏற்பி மரபணு வெட்டி ஒட்டப்படும்போது உதிரும் டி.என்.ஏ. வளையங்களை, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தித் தாளில் ஒற்றிய உலர்ந்த இரத்தத் துளியில் எண்ணலாம். 2008இல் விஸ்கான்சின் மாநிலம் இந்தச் சோதனையை எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்கியது. 2018 முடிவதற்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிட்டது. இந்தியாவில் இது தேசியத் திட்டமாக இன்னும் இல்லை. ஆகவே நம்மிடம் இத்தகைய குழந்தை பெரும்பாலும் முதல் கடும் தொற்றோடுதான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. அந்தச் சோதனையில் வளையமே இல்லை என்று வந்தால், பழுது மஜ்ஜையிலா தைமஸிலா என்பது அதிலிருந்து தெரியாது. மரபணுச் சோதனையும் விடை தராதபோது, குழந்தையின் மூலச் செல்களை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய செயற்கைத் தைமஸ் உருண்டையில் இட்டு டி செல்கள் பிறக்கின்றனவா என்று பார்க்கும் முறை இப்போது கைவந்திருக்கிறது. அங்கே டி செல்கள் பிறந்தால் மஜ்ஜை நலமாக இருக்கிறது என்று பொருள், தேவைப்படுவது ரெத்தைமிக். பிறக்காவிட்டால் மஜ்ஜை மாற்று. இந்தக் கேள்விக்கு விடை தெரியும் முன் எந்தப் பெற்றோரும் இந்தப் பொருளுக்காக வட கரோலினாவுக்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.